முத்துப் பல்லும் மூத்த பல்லும்

பல்லுக் கட்டுவதற்கென்று என் பெரிய தாயாரை யாழ்ப்பாணப் பட்டினத்திலுள்ள பல் வைத்தியர் ஒருவரிடம் அழைத்துச் சென்ற நாளிலேதான், பல்லின் நிறத்தைப் பற்றி நான் அதுகாறும் கொண்டிருந்த எண்ணங்கள் பெரும்பாலும் பிழையானவை என்பதை உணர்ந்தேன். அவருக்கு அப்பொழுது வயது 72. மேல்வரிசைப் பற்கள் ஒவ்வொன்றாக விழுந்து, இறுதியாக எஞ்சியிருந்த இரண்டும் ஆறு மாதங்களுக்கு முன்னர் பிடுங்கப்பட்டுவிட்டன. கீழ்வரிசையில் முன்பற்கள் மாத்திரம் உறுதியாய் நின்றன. ஆவணி மாதத்திலே பேத்தியின் கலியாணம். மணவறைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுக்கும்பொழுது வாய் நிறையப் பல்லிருக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. நியாயமான ஆசைதானே!

வைத்தியர் சிறிய சட்டமொன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். அதிலே வரிசையாக 16 மாதிரிப் பற்கள் நின்றன. பார்த்த மாத்திரத்தில் எல்லாம் வெள்ளை. உற்று நோக்கினாலோ ஒன்றைப்போல் ஒன்றில்லை. ஒன்று பாலின் நிறம். ஒன்று பழைய புத்தகத் தாளின் நிறம். வேறொன்றிலே செம்மை ஓடியிருந்தது. இன்னொன்று மழைமேகத்தின் சாம்பல் கலந்தது. பெரியம்மா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, சிறிதும் தயங்காமல், எல்லாவற்றிலும் வெளிறியதைச் சுட்டிக் காட்டினார்.

"தம்பி, இதைத்தான் கட்ட வேணும்."

வைத்தியர் அந்த மாதிரிப் பல்லை அவருடைய கீழ்ப்பல்லின் அருகே பிடித்து, கைக்கண்ணாடியை நீட்டினார். "அம்மா, நீங்களே பாருங்கோ. மேலே இந்த வெள்ளையை வைச்சால், கீழே இருக்கிற உங்கடை சொந்தப் பல்லுத்தான் ஊத்தையாய்த் தெரியும்."

பெரியம்மா பார்த்தார். முகம் வாடிவிட்டது. "என்ரை பல்லு முந்தி முத்துப்போலை இருந்தது, தம்பி. இப்ப மஞ்சளாய்ப் போச்சுதெண்டால், அது நான் கவனியாமல் விட்ட குற்றந்தான்" என்றார்.

"குற்றமில்லை, அம்மா. வயது" என்றார் வைத்தியர். நிறத்தை அன்றைக்கே முடிவு செய்யவேண்டாம் என்றும், அடுத்த கிழமை வரும்பொழுது பழைய படம் ஏதேனும் இருந்தால் கொண்டுவரும்படியும் கூறி எங்களை அனுப்பினார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் பெரியம்மா பேசவில்லை. உமிக்கரியும் உப்பும் கொண்டு அறுபது ஆண்டுகளாக நாள் தவறாது பல் துலக்கிய ஒருவர், பல் மஞ்சளானதைத் தம்முடைய குற்றமாக எண்ணி வெட்கப்படுகின்றார். அவ்வெட்கத்துக்கு இடமுண்டா என்று அறியும் பொருட்டே அன்றிரவு நூல்களைப் புரட்டத் தொடங்கினேன்.

நிறம் எங்கே இருக்கின்றது?

பல்லின் வெண்மை அதன் மேற்புறத்திலே பூசப்பட்டது என்றும், அது தேய்ந்தோ அழுக்கேறியோ மஞ்சளாகின்றது என்றும் நம்மிற் பலர் எண்ணியிருக்கின்றோம். உண்மை வேறு. பல்லின் மேலுறையான மிளிரி — எனாமல் என்று வைத்தியர்கள் கூறுவது — நிறைப்படி நூற்றுக்கு ஏறத்தாழ 96 பங்கு கனிப்பொருளாலானது. மனித உடலில் அதனிலும் கடினமான பொருள் பிறிதில்லை. ஆனால் அது சுவர் போல ஒளியை மறைப்பதன்று. ஒளியைப் பாதி உள்ளே விடுவது. அதன் கீழே இருக்கின்றது பன்முதல் என்னும் பகுதி. இதிலே கனிப்பொருள் 70 பங்கு அளவினதே. எஞ்சியது புரதமும் நீரும். இதன் இயற்கை நிறமே மஞ்சள். வாயைத் திறந்து நாம் காண்பது இந்த மஞ்சளைத்தான். வெள்ளைத் திரையொன்றினூடாகக் காண்கின்றோம் என்பதே வேறுபாடு. மஞ்சட் சுண்ணாம்பு பூசிய சுவருக்கு முன்னால் மெல்லிய மல்லுத்துணியைத் தொங்கவிட்டாற்போல என்று சொல்லலாம். துணி தடித்த இடத்தில் வெண்மை மிகும். மெலிந்த இடத்தில் சுவர் தெரியும். முரசை ஒட்டிய பகுதியிலே மிளிரி மிக மெல்லியது. ஆகையால் எவருடைய பல்லும் அடியில் மஞ்சளாகவும் நடுவில் வெளிறியும் இருக்கும். கடிவிளிம்பிலே பன்முதல் இல்லாத ஓரமொன்று உண்டு. அங்கே பல் சற்று நீலம் பாய்ந்த கண்ணாடி போலத் தோன்றுவதைப் பிள்ளைகளின் வாயிற் காணலாம்.

யானைத் தந்தம் என்பது வேறொன்றுமன்று, இந்தப் பன்முதலேதான். தந்தம் என்னும் சொல்லுக்கே பல் என்பது பொருள். அது நாளடைவில் மஞ்சளிப்பதை யாவரும் அறிவர். பழைய பியானோ வாத்தியத்தின் கட்டைகள் வெண்மை குன்றியிருப்பதைக் கண்டு எவரும் அதை வாசித்தவரைக் குறைகூறுவதில்லை. ஐக்கிய அமெரிக்காவின் முதல் சனாதிபதியாகிய ஜோர்ஜ் வாஷிங்டனுக்கு 1789இல் பதவியேற்ற வேளையில் சொந்தப் பல் ஒன்றே மிஞ்சியிருந்தது. அவருடைய பொய்ப்பற்கள் நீர்யானையின் தந்தத்திற் கடையப்பட்டவை. 1798இல் அவற்றைப் பழுதுபார்க்க அனுப்பியபோது, அவை மிகவும் கறுத்துப்போய் வந்திருப்பதைக் கண்ட பல் வைத்தியர் ஜோன் கிரீன்வூட், போர்ட் என்னும் முந்திரிகை மதுவிலே அவற்றை ஊறவைத்தீர்களோ, அல்லது அந்த மதுவைக் குடித்ததனால் வந்த வினையோ என்று வாஷிங்டனுக்கே எழுதிக் கேட்டார். மிளிரி இல்லாத பன்முதல் நிறத்தை எவ்வளவு விரைவில் உறிஞ்சும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

நம் புலவர்கள் பல்லை முத்துக்கும் முல்லையரும்புக்கும் ஒப்பிட்டனர். அவர்கள் கண் கூரியது. முத்தின் வெண்மை சுண்ணாம்பின் வெண்மையன்று. உள்ளேயிருந்து வருவது போன்ற ஒளியும், வெளிறிய மஞ்சளோ செம்மையோ ஓடிய சாயலும் அதற்கு உண்டு. இன்றைக்கு விளம்பரங்களிலே காணும் பல்லின் வெள்ளையைக் கண்டிருந்தால் அவர்கள் முத்தை விட்டுச் சங்கைத்தான் உவமை கூறியிருப்பார்கள்!

ஏழு வயதிலும் எழுபது வயதிலும்

பல்லின் நிறம் முதன்முறையாக மாறுவது முதுமையிலன்று, ஏழு வயதிலே. பாற்பற்களின் மிளிரி மெல்லியதாயினும், ஒளியை மறைக்கும் இயல்பு மிகுந்தது. ஆகையால் அவை பெயருக்கேற்பப் பால்போல் வெளுத்திருக்கும். அவை விழுந்து நிலையான பற்கள் முளைக்கும்பொழுது, பக்கத்திலுள்ள பாற்பற்களுடன் ஒப்பிடப் புதுப்பல் மஞ்சளாய்த் தோன்றும். பிள்ளை பல் துலக்குவதில்லை என்று தாய்மார் அடிக்கும் காலம் அது. பாவம், பிள்ளை ஒரு குற்றமும் அறியாது. பாற்பற்கள் யாவும் விழுந்து ஒப்பிட ஒன்றுமில்லாது போனதும், அந்த மஞ்சள் மறைந்துவிட்டதென்று தாயும் மகிழ்கின்றாள். பல் மாறவில்லை, அயல் மாறிவிட்டது. ஒரே வாயினுள்ளேகூட எல்லாப் பற்களும் ஒரு நிறத்தன அல்ல. மேல்வரிசையின் நடுப்பற்கள் இரண்டும் வெளிறியவை. வேட்டைப் பற்களோ அவற்றிலும் தெளிவாக மஞ்சள் மிக்கவை.

இனி, முதுமைக்கு வருவோம். மிளிரியை உண்டாக்கிய கலங்கள், பல் முரசைக் கிழித்துக்கொண்டு வெளிவரும்பொழுதே அழிந்துவிடுகின்றன. அதன்பின் ஒரு துளி மிளிரியையும் உடல் புதிதாக ஆக்குவதில்லை. பத்து வயதிற் பெற்றதைக்கொண்டே எண்பது வயது மட்டும் மெல்ல வேண்டும். அது தேய்கின்றது, நுண்ணிய வெடிப்புகள் கொள்கின்றது, வர வர ஒளியை மிகுதியாக உள்ளே விடுகின்றது. பன்முதலின் கதை இதற்கு நேர்மாறானது. அதை ஆக்கும் கலங்கள் பல்லின் உள்ளறையின் ஓரத்திலே உயிரோடு இருந்து, வாழ்நாள் முழுவதும் சிறிது சிறிதாகப் புதுப் பன்முதலை இட்டுக்கொண்டே வருகின்றன. உள்ளறை ஒடுங்குகின்றது. பன்முதலிலுள்ள நுண்குழாய்களும் கனிப்பொருளால் அடைபடுகின்றன. ஆக, முன்னே தொங்கிய துணி மெலிகின்றது. பின்னேயுள்ள சுவர் தடிக்கின்றது. சுவரின் நிறமும் ஆழமாகின்றது. இம்மூன்றும் ஒருங்கு சேர்ந்ததே முதியவர் பல்லின் மஞ்சள். கூச்சம் குறைவதற்கும் இதுவே ஒரு காரணம். இளமையில் பனிக்கட்டி பட்டால் துடித்தவர்கள் முதுமையில் அதனை அமைதியாகக் கடிக்கின்றார்கள்.

இம்மாற்றங்கள் எவ்வளவு ஒழுங்காக நிகழ்கின்றன என்றால், அவற்றைக்கொண்டு இறந்தவரின் வயதைக் கணிக்கும் முறையொன்றை சுவீடன் நாட்டு அறிஞர் குஸ்தாவ்சன் என்பார் 1950இல் வெளியிட்டார். பல்லின் ஆறு குறிகளை அவர் எடுத்துக்கொண்டார். உள்ளே வளர்ந்த பன்முதலும், வேரின் நுனியிலிருந்து மேல்நோக்கிப் பரவும் ஒளிபுகு தன்மையும் அவற்றுள் அடங்கும். மேற்றோற்றத்தின் நிறம் அந்த ஆறிலே இல்லை என்பது கவனிக்கத் தக்கது. வயதோடு நிறம் மாறுவது உறுதி. ஆனால் நிறத்தை மட்டும் கண்டு வயதைச் சொல்லமுடியாது. பிறவியிலேயே மஞ்சட் பல் உடையவன் இருபது வயதிலும் அப்படித்தான் இருப்பான். 1975, 1976ஆம் ஆண்டுகளில் ஹெல்ப்மன், பாடா என்னும் இரு அமெரிக்க விஞ்ஞானிகள் இன்னும் நுட்பமான கடிகாரமொன்றைப் பல்லிலே கண்டனர். பல்லின் புரதத்திலுள்ள அசுபாட்டிக் அமிலம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு வீதம், இடக்கை வலக்கையாவது போல, தன் உருவை மாற்றிக்கொண்டு வருகின்றது. தோல் உரிகின்றது, மயிர் உதிர்ந்து முளைக்கின்றது, எலும்புகூடத் தன்னைப் புதுக்கிக்கொள்கின்றது. பல்லிலே பழையது பழையதாகவே இருக்கின்றது. நம் உடலில் நம்மோடு கூடவே மூப்பது பல்.

ஆண் பல், பெண் பல்

பெண்களின் பல் ஆண்களின் பல்லிலும் வெண்மையானது என்று ஒரு பேச்சு உண்டு. இதில் எவ்வளவு உண்மை? நிறத்தை அளக்கும் கருவிகள் கொண்டு நிகழ்ந்த ஆய்வுகள் சிலவற்றில், பெண்களின் பல் சற்றே வெளிறியதாகவும் மஞ்சள் குறைந்ததாகவும் காணப்பட்டது. வேறு சிலவற்றில் வேறுபாடே புலப்படவில்லை. வேறுபாடு கண்ட இடத்தும் அது சிறியது. வயதினால் விளையும் மாற்றத்துக்கு முன்னே நிற்கமாட்டாதது. அதற்குக் காரணம் கூற முயன்றோரும் உளர். ஆண்களின் பல் பருமனிற் பெரியது, சிறப்பாக வேட்டைப்பல். அப்பருமனைக் கொடுப்பதும் பெரும்பாலும் பன்முதலே என்று பல்லை ஊடறுத்து அளந்தவர்கள் கண்டிருக்கின்றார்கள். பன்முதல் மிகுந்தால் மஞ்சளும் மிகுமன்றோ? இது பொருத்தமான காரணமாகவே தோன்றுகின்றது. ஆயினும் புகையும் வெற்றிலையும் தேநீரும் பல் துலக்கும் வழக்கமும் குறுக்கே வந்து நிற்கின்றன. நம் நாட்டில் புகைப்பவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். அவர்கள் பல்லின் கறையைக் கண்டுவிட்டு அதை ஆண்மையின் இலக்கணமாகக் கொள்ளுதல் எங்ஙனம் பொருந்தும்? இங்கு ஒரு வேடிக்கையும் உண்டு. பெண்பிள்ளைகளுக்கு நிலையான பற்கள் ஆண்பிள்ளைகளிலும் சில மாதங்கள் முந்தியே முளைக்கின்றன. ஆகவே ஒரே வயதுடைய தமக்கையும் தம்பியுமாக இரட்டையர் இருந்தால், தமக்கையின் பல்தான் வாயிலே அதிக நாள் உழைத்த பல்.

கண் செய்யும் மாயமும் சேர்ந்துகொள்கின்றது. செந்நிற இதழ்ச்சாயத்தின் அருகே பல் வெளுத்துத் தோன்றும். கருநிற முகத்திலே பல் பளிச்சிடும். அதனாலேதான் நிறம் பார்க்கும்பொழுது இதழ்ச்சாயத்தைத் துடைத்துவிடும்படி வைத்தியர்கள் கேட்கின்றார்கள்.

இருந்தும், பல்லிலே ஆணையும் பெண்ணையும் காணும் ஆசை மனிதரை விடவில்லை. 1955ஆம் ஆண்டு தொடக்கம் அமெரிக்கப் பல் வைத்தியர்களான ஜோன் பிரஷ், ரோலன்ட் பிஷர் என்னும் இருவர் பொய்ப்பல் கட்டுவதிலே புதிய கொள்கையொன்றைப் பரப்பினர். வில்ஹெல்ம் செக் என்னும் சுவிற்சர்லாந்துச் சிற்பி உயிருள்ளன போன்ற பற்களைச் செதுக்கியதே இவர்களுக்குத் தூண்டுகோல். பொய்ப்பல் வரிசை ஒவ்வொன்றும் அணிபவரின் பால், ஆளுமை, வயது ஆகிய மூன்றையும் காட்டவேண்டும் என்றார்கள். பெண்ணுக்கு வளைந்த, மென்மையான ஓரங்கள். ஆணுக்குச் சதுரமான, உறுதியான பற்கள். முதியவருக்கோ தேய்ந்த விளிம்பு, ஆழ்ந்த நிறம், சிறிய இடைவெளி, சற்றே இறங்கிய முரசு. அக்காலத்திலே பொய்ப்பல் என்றால் வேலிக் கதியால் போல ஒரே அளவில், ஒரே வெள்ளையில் நட்டுவைப்பதே வழக்கமாயிருந்தது. அதை உடைத்தது இவர்களின் பெருந்தொண்டு. எனினும் அக்கொள்கையின் ஒரு கால் நிலைக்கவில்லை. பற்களின் படங்களை மாத்திரம் காட்டி, இவை ஆணுடையவையா பெண்ணுடையவையா என்று பிற்காலத்தில் வைத்தியர்களையும் பிறரையும் கேட்டுப் பார்த்தனர். காசைச் சுண்டிப் பூவா தலையா பார்த்தாற்போலவே விடைகள் வந்தன. வயதைப் பற்றி அவர்கள் சொன்னது மாத்திரம் இன்றும் நிற்கின்றது.

பெரியம்மாவின் முன்னே வைத்த சட்டமும் அதே காலத்தது. ஜெர்மனியிலுள்ள வீட்டா என்னும் நிறுவனம் 1956இல் வெளியிட்ட 16 நிற வரிசை இன்றைக்கும் உலகெங்கும் வழங்குகின்றது. ஏ என்னும் குடும்பம் செம்பழுப்பு, பி செம்மஞ்சள், சி சாம்பல், டி செஞ்சாம்பல். அந்தப் பதினாறில் ஒன்றின்மேலும் ஆண் என்றோ பெண் என்றோ எழுதியிருக்கக் காணோம்.

மெய்யான ஆண்பெண் வேறுபாட்டை மனிதர் தம் கையாலேயே ஆக்கிய நாடு ஒன்றுண்டு. யப்பானிலே மணமான பெண்கள் பல்லைக் கறுப்பாக்கிக்கொள்வது நெடுங்கால வழக்கம். இரும்பைப் புளிக்காடியில் ஊறவைத்த நீரையும் கடுக்காய் போன்ற துவர்ப்புடைய மாசிக்காய் வகைப் பொடியையும் பல்லிலே பூசுவர். அரசவை ஆடவரும் இதைச் செய்ததுண்டு. அங்கே வெள்ளைப் பல்லே அழகின்மை! 1870இல் பிரபுக்கள் குலத்தார்க்கு இது தடுக்கப்பட்டது. 1873இல் பேரரசியார் வெண்பல்லோடு மக்கள் முன் தோன்றியதும் வழக்கம் தேயத் தொடங்கியது. ஒரு பெண் வாயைத் திறக்க வெட்கப்பட வேண்டியது வெண்மைக்கா கருமைக்கா என்பதை ஊர்தான் முடிவு செய்கின்றது போலும்.

வயது செய்யாதவை

முதுமையின் மஞ்சளோடு சேர்த்து எண்ணக்கூடாத நிறங்கள் சில உள. அடிபட்டு உயிரிழந்த பல் சாம்பலாகும் அல்லது கறுக்கும். ஒரு பல் மட்டும் நிறம் மாறினால் வைத்தியரிடம் காட்டவேண்டும். பிள்ளைப் பருவத்தில், பல் உருவாகும் நாட்களில், ரெற்றாசைக்கிளின் மருந்து கொடுத்தால் மஞ்சளும் பழுப்புமான பட்டைகள் பல்லினுள்ளேயே பதிந்துவிடும். எட்டு வயதுக்கு உட்பட்டோர்க்கும் கருவுற்ற தாய்மார்க்கும் அம்மருந்தை வைத்தியர்கள் தவிர்ப்பது இதனால். வெற்றிலை பாக்கின் கறை மேற்புறத்தது, சுரண்டினால் போகும். ஆனால் பாக்கு புற்றுநோய்க்கு ஏதுவென உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் அறுதியிட்டுக் கூறிவிட்டது. நம் நாட்டு ஆண்களை மிகுதியாகத் தாக்கும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோயே என்பதை எண்ணும்பொழுது, பல்லின் கறை பற்றிய கவலை சிறிதாகிவிடுகின்றது.

இவற்றுள் என் மனத்தை வருத்துவது புளோரைட்டு நீரின் கறை. அநுராதபுரம், பொலன்னறுவை முதலான வறண்ட பகுதிகளிலே கிணற்றுநீரில் புளோரைட்டு மிகுந்த இடங்கள் பல. அந்நீரைக் குடித்து வளரும் பிள்ளைகளின் பல்லில் சுண்ணாம்புத் திட்டுகளும் பழுப்புக் கறையும் தோன்றுகின்றன. இதன் காரணம் கண்ட வரலாறு அமெரிக்காவிலே தொடங்குகின்றது. 1901இல் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்னும் ஊருக்குத் தொழில் செய்ய வந்த பிரெடெரிக் மக்கே என்னும் இளம் வைத்தியர், அவ்வூர்ப் பிள்ளைகளின் பழுப்புப் பல்லைக் கண்டு வியந்தார். அவ்வூரில் பிறந்து வளர்ந்தோர்க்கே அக்கறை. வளர்ந்தபின் குடியேறியோர்க்கு இல்லை. முப்பது ஆண்டுகள் அவர் தேடினார். 1931இல் அலுமினியக் கம்பனியொன்றின் இரசாயனர் சேர்ச்சில் என்பார் நீரைச் சோதித்தபோதே, குற்றவாளி புளோரைட்டு என்பது வெளியாயிற்று. அதுவரை அந்தப் பிள்ளைகள் எத்தனை முறை "பல்லைத் துலக்கு" என்று அதட்டப்பட்டிருப்பார்கள்! நம் நாட்டிலும் பெண் பார்க்க வந்தவர்கள் பல்லைப் பார்த்துவிட்டு எழுந்துபோன வீடுகள் உண்டு. அந்தப் பெண் செய்த பிழை, தன் வீட்டுக் கிணற்றுநீரைக் குடித்தது.

மஞ்சளை நீக்க முயல்வோர் செய்யும் கேடு மற்றொன்று. கரித்தூளும் உப்பும் செங்கல் மாவும் கொண்டு அழுத்தித் தேய்த்தால் மேற்கறை போவது உண்மையே. அந்த மகிழ்ச்சியில் மேலும் தேய்க்கின்றோம். தேய்வது மிளிரி, மெலிவது திரை, தெரிவது மஞ்சள். வெண்மை வேண்டித் தேய்த்தவன் மஞ்சளை விரைவில் வரவழைத்துக்கொள்கின்றான். இன்று கரித்தூளையே பற்பசையாக்கி அழகிய குழாயில் அடைத்து விற்கின்றார்கள். உமிக்கரி கப்பலேறிப் போய்ப் பெயர் மாற்றிக்கொண்டு வந்திருக்கின்றது. உள்நிறத்தை மாற்ற வல்லது ஐதரசன் பேரொட்சைட்டு போன்ற வெளிற்றும் சேர்வைகளே. இரவிலே அச்சுப்பட்டையில் இட்டு அணியும் முறையை ஹேவுட், ஹைமன் என்போர் 1989இல் வெளியிட்டனர். பல் வைத்தியரின் மேற்பார்வையில் அது பயன்தரும். சிலருக்குக் கூச்சமும் உண்டாகும். சில காலத்தில் நிறம் திரும்பவும் ஆழமாகும். கட்டிய பல்லையும் அடைத்த பல்லையும் அது வெளிற்றமாட்டாது.

பெரியம்மாவின் தெரிவு

அடுத்த கிழமை நாங்கள் போனபோது, வைத்தியர் பெரியம்மாவை முதலிலேயே விறாந்தைக்கு அழைத்துச் சென்றார். மின்விளக்கில் நிறம் பார்ப்பது பிழை, பகலொளி வேண்டும். வாயைத் திறந்து நெடுநேரம் இருந்தால் பல் உலர்ந்து, இயல்பைவிட வெளுத்துத் தோன்றும். ஆகவே இவ்வேலை தொடக்கத்திலேயே நடக்கவேண்டும். உற்று நோக்கிக் கண் களைத்துவிடாதபடி சில விநாடிகளே பார்த்து, சாம்பல் நிறமான அட்டையொன்றிலே பார்வையை ஆற்றி, மறுபடியும் பார்த்தார். இத்தனை கவனம் ஏனென்று கேட்டேன். மெய்ப்பல் புறவூதா ஒளியில் மெல்லிய நீலமாக ஒளிரும் என்றும், அதைப் பின்பற்றும் பொருட்டு ஒரு காலத்திலே பீங்கான் பற்களில் சிறிதளவு யுரேனியங்கூடச் சேர்த்தார்கள் என்றும், பிற்பாடுதான் அது கைவிடப்பட்டது என்றும் கூறினார். வயோதிபப் பெண்ணின் சிரிப்புக்காக யுரேனியத்தைத் தேடிப்போன மனித இனத்தை எண்ணி வியந்துகொண்டேன்.

பெரியம்மா மடியிலிருந்து படத்தை எடுத்தார். ஓரம் மடிந்த கறுப்பு வெள்ளைப் படம். கைக்குழந்தையோடு நிற்கின்றார், பக்கத்திலே பெரியப்பா. இருவரும் சிரிக்கின்றார்கள். மேல்வரிசையின் நடுப்பற்கள் இரண்டுக்கும் இடையே ஒரு நெல் நுழையக்கூடிய இடைவெளி.

"அந்த வெள்ளை வேண்டாம், தம்பி. கீழ்ப்பல்லுக்குப் பொருத்தமாய்ப் பாத்து வையுங்கோ" என்றார் பெரியம்மா. பிறகு சற்றுத் தயங்கி, "அந்த நீக்கலையும் வைக்கலாமோ?" என்று கேட்டார்.

"அதை வைச்சால்தானே அம்மா உங்கடை பல்லு" என்று சொல்லிக்கொண்டே வைத்தியர் சட்டத்திலிருந்து மூன்றாம் நிரையிலுள்ள மஞ்சள் சார்ந்த பல்லொன்றை உருவினார்.

கலியாணத்தன்று பந்தலிலே கூட்டம். பெரியம்மாவின் பள்ளித்தோழி ஒருவர், கட்டிய பல் வெள்ளை வெளேரென்று மின்ன, எங்களிடம் வந்தார். பெரியம்மாவின் முகத்தைக் கையிலேந்தி உற்றுப் பார்த்தார். "உனக்கென்னடி, இன்னும் சொந்தப் பல்லோடை இருக்கிறாய்" என்றார்.

பெரியம்மா மறுமொழி கூறவில்லை. என்னை ஒருமுறை பார்த்துவிட்டுச் சிரித்தார்.